நாய் வாய் நாறத்தான் செய்யுமா?

"நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பூனைக்கும் இதே தீர்ப்புதான். நலமாக இருக்கும் நாயின் வாயில் லேசான வாடை இருக்கும். முகத்தைத் திருப்ப வைக்கும் நாற்றம் இருக்காது. அப்படி நாறினால் பெரும்பாலும் ஈறு நோய்ப்பட்டிருக்கிறது என்று பொருள். பல்லில் படியும் வழவழப்பான படலம் முழுக்கக் கிருமிகள். துலக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்து ஏறி, காரையாகக் கெட்டிப்படத் தொடங்கும். கண்ணில் படும் மஞ்சள் காரையை விட, ஈறுக்கு அடியில் இறங்கும் கிருமிகளே பொல்லாதவை. பல்லைத் தாங்கும் எலும்பு கரைவது அவற்றால்தான். 3 வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய், பூனைகளில் இந்த ஈறு நோய் தலைகாட்டிவிடுகிறது.

"நன்றாகத்தானே சாப்பிடுகிறது? வலி இருந்தால் தின்னுமா?" என்னை அதிகம் வருத்துவது இந்தக் கேள்விதான். தின்னும். பசி வலியைப் பொறுத்துக்கொள்ள வைக்கும்; வலியை வெளிக்காட்டாமல் மறைப்பதும் அவற்றின் இயல்பு. பூனை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும், கவ்விய தீனியைக் கீழே போடும், மீனை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் நக்கும். நாய் ஆசையாக விளையாடிய பந்தைத் தொடாது. நாமோ வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பூனைகளுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு: உடலே தன் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும் நோய். இது சொத்தைப்பல் அல்ல, துலக்கினாலும் தடுக்க முடியாது. கரைந்த இடத்தை ஈறு வளர்ந்து மூடிக்கொள்வதால் பல நேரம் எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அந்தப் பல்லை எடுத்துவிடுவதே வைத்தியம். பல் போனால் எப்படிச் சாப்பிடும் என்று அஞ்ச வேண்டாம். நோகும் பல்லோடு சாப்பிட்டதை விட நிம்மதியாகச் சாப்பிடும்.

அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை எலும்பு. கடித்தால் பல் சுத்தமாகும் என்பதில் துளி உண்மை இருக்கிறது, கொஞ்சம் காரை உதிரும். ஆனால் மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல் பட்டை பட்டையாகப் பெயர்ந்துபோவதும் இதனால்தான். உள்ளே இருக்கும் நரம்பு திறந்துகொள்ளும். வேரில் சீழ் கட்டி, கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கும். பூச்சி கடித்துவிட்டது என்று மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருப்போம், பல்லை யாரும் பார்க்கமாட்டோம். வேகவைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலையும் கிழிக்கலாம். கடிக்கக் கொடுக்கும் எந்தப் பொருளையும் முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியாவிட்டால் அது நாயின் பல்லுக்கு ஆகாது.

கடையில் வாங்கும் உலர்தீனி பல்லைத் தேய்க்கும் என்பதும் தவறு. சாதாரண உருண்டை பல்நுனி பட்டதுமே நொறுங்கிவிடும், ஈறோரத்தைத் தொடவே தொடாது. பல்லுக்கென்றே தயாரிக்கும் தீனி வேறு.

பல் துலக்கிவிட நம் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் துப்பத் தெரியாது. சில பேஸ்ட்டுகளில் உள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டெனக் கீழே இறக்கி, கல்லீரலையும் கெடுக்கும். செல்லப்பிராணிகளுக்கான பேஸ்ட், மென்மையான பிரஷ், பற்களின் வெளிப்பக்கம் மட்டும், தினமும். முதல் வாரம் விரலில் ஈரத்துணி சுற்றித் தொட்டுப் பழக்கினாலே போதும்.

"பல்லைச் சுத்தம் செய்ய வயதான நாய்க்கு மயக்க மருந்தா? சும்மா சுரண்டிவிட்டால் போதாதா?" விழித்திருக்கும் நாயின் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய முடியாது. வெளியே பல் வெளுக்கும், உள்ளே நோய் தொடரும். ரத்தப் பரிசோதனை செய்து, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே மருத்துவர் மயக்க மருந்து கொடுப்பார். வயதை மட்டும் வைத்து அவர் மறுப்பதில்லை.