ஊசிக்கு ஒரு கிலோ பருப்பு

கேள்வி: இலவசமாகப் போடும் தடுப்பூசிக்குக்கூடப் பலர் பிள்ளைகளைக் கூட்டி வருவதில்லையே! நடத்தைப் பொருளாதாரத்தில் இதற்கு மருந்து உண்டா?

பதில்: உண்டு. ஒரு கிலோ பருப்பு!

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர், ‘சேவா மந்திர்’ தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து 134 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வழக்கம்போல விட்ட கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த இடங்களில் 18. முகாமோடு ஊசிக்கு ஒரு கிலோ பருப்பு, கடைசி ஊசி முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகள் என்று கொடுத்த இடங்களில் 39!

பெற்றோருக்கு ஊசி மேல் வெறுப்பில்லை. முகாமில் முதல் ஊசி போட்டவர்கள் பலர். அடுத்தடுத்த ஊசிகளைத்தான் ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டார்கள். ஊசியின் பலன் என்றைக்கோ, அலைச்சலும் கூலி நஷ்டமும் இன்றைக்கே. பருப்பும் இன்றைக்கே கைக்கு வந்தது.

வெட்டிச் செலவா? கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் செவிலியருக்குச் சம்பளம் உண்டு. பருப்பால் கூட்டம் கூடியதில், ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போடும் செலவு 56 டாலரிலிருந்து 28 டாலராக இறங்கியது.

ஆனாலும், பருப்பு கொடுத்த ஊர்களிலேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசி முழுமையாகவில்லை.