மிஷின் யார் கைக்குப் போக வேண்டும்?

தையல் படிக்க வரும் பெண்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். அளவு எடுப்பது, கிராஸ் கட்டிங், கட்டோரி, பிரின்சஸ் கட், காஜா, ஹெம்மிங் என்று ஒன்றையும் விடுவதில்லை. நமக்குப் பிறகு இந்த மிஷினும் சாமானும் யாருக்கு என்ற பேச்சு மட்டும் எந்த வகுப்பிலும் வராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழிக்கும்போது, ஒரு குடும்பத்துக்கே சோறு போட்ட மிஷின் பழைய இரும்பு வண்டியில் ஏறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை. சொல்ல வேண்டியவள் சொல்லாமல் போய்விட்டாள்.

இப்போதுதான் முதல் மிஷின் வாங்கியிருக்கும் உங்களுக்கு இந்தப் பேச்சு சீக்கிரம் என்று தோன்றலாம். நல்ல மிஷின் நம்மைவிட அதிக நாள் இருக்கும். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த சிங்கர் ஆலையை 1980-லேயே மூடிவிட்டார்கள். அங்கே செய்த கறுப்பு மிஷின்கள் இன்னும் ஓடுகின்றன. ஆகவே கேளுங்கள்.

1. முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் கம்பெனி, மாடல், நம்பர், வாங்கிய வருடம். பழைய சிங்கரில் நம்பர் வலது பக்கத் தூணின் அடியில் பொறித்திருக்கும். அதன் முன்னெழுத்தையும் எண்ணையும் வைத்தே எந்த ஆலையில் எப்போது செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். “கறுப்பு மிஷின் பெரியவளுக்கு” என்று மட்டும் எழுதி, வீட்டில் கறுப்பு மிஷின் இரண்டு இருந்தால் அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். மகளிர் குழுவில் கடன் வாங்கி எடுத்த ஓவர்லாக்காக இருந்தால், எவ்வளவு பாக்கி என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வாங்கிக்கொள்பவள் கடனோடு வாங்குகிறாளா, கடன் தீர்ந்து வாங்குகிறாளா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

2. உறவைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். மூத்த மகள் என்பதற்காக மூத்த மகளுக்குக் கொடுப்பது நியாயம்போலத் தெரியும். அவள் ஊசியில் நூல் கோத்து எத்தனை வருடம் ஆயிற்று? மிஷின் மேல் துண்டு போட்டு மூடி, அதன் மேல் டிவி வைப்பாள். நீங்கள் வெளியே போயிருக்கும்போது யார் தானாக வந்து மிஷினில் உட்கார்ந்து கிழிந்த தலையணை உறையைத் தைத்து வைக்கிறாளோ அவள்தான் உங்கள் வாரிசு. மருமகளாக இருக்கலாம், நாத்தனார் மகளாக இருக்கலாம், எதிர்வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். பையனாக இருந்தாலும் தயங்காதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மோட்டார் மிஷினை அனுப்ப ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நம் மோட்டார் 230 வோல்ட்டுக்குச் செய்தது, அங்கே 120 வோல்ட்தான். அவளுக்கு உங்கள் கத்தரியைக் கொடுங்கள், விரலுறையைக் கொடுங்கள். பெட்டியில் வைத்து எடுத்துப்போவாள், தினமும் கையில் எடுப்பாள்.

3. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உயில் எழுதாமல் ஒரு இந்துப் பெண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அவள் சொத்து முதலில் மகன், மகள், கணவர் என எல்லோருக்கும் சரிபங்காகப் போகும். அந்த முதல் வரிசையில் மருமகள் இல்லை. கூடவே உட்கார்ந்து கடையை நடத்திய மருமகளுக்கு அந்த மிஷினில் ஒரு திருகாணிகூடச் சட்டப்படி சேராது; உங்களிடம் பத்து வருடம் வேலை பார்த்த பெண்ணுக்கும் அப்படித்தான். ஒரு மிஷினை மூன்றாகப் பங்கு போட முடியாது என்பதால் விற்றுக் காசைப் பிரிப்பார்கள். இப்படித்தான் மிஷின் கடைவீதிக்குப் போகிறது.

உயில் என்றதும் வக்கீல், ரிஜிஸ்தர் ஆபீஸ், முத்திரைத்தாள் என்று பயப்பட வேண்டாம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, நீங்கள் கையெழுத்துப் போட்டு, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைத்தாள் போதும், பதிவு கட்டாயமில்லை. மிஷின் யாருக்குப் போகிறதோ அவளையோ அவள் வீட்டுக்காரரையோ சாட்சியாகப் போடாதீர்கள். வீண் சந்தேகம் வரும். இஸ்லாமியச் சகோதரிகளுக்கு முறை வேறு: மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலாக எழுத முடியாது. உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது தானமாக, கொடுப்பதற்கு அந்த வரம்பு இல்லை.

4. உயிலைவிட நல்லது, இருக்கும்போதே கையில் கொடுத்துவிடுவது. வீடு, நிலம் என்றால் தானப்பத்திரம் பதிவு செய்தாக வேண்டும். மிஷின் அசையும் சொத்து. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவே மனமுவந்து ஒப்படைத்தால் போதும் என்கிறது. நாலு பேர் முன்னிலையில் கொடுத்து, நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

நான் இதையே வற்புறுத்துவதற்குச் சட்டம் காரணமில்லை. மிஷினோடு சேர்ந்து போக வேண்டிய பழக்கங்களை எந்தத் தாளிலும் எழுத முடியாது. பாபின் கேஸை நூல் நுனியில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். அப்படியே சரசரவென்று கீழே ஓடினால் தளர்வு. உதறியும் இறங்காமல் நின்றால் இறுக்கம். லேசாக ஒரு உதறு உதறினால் ஒரு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். அந்த உதறு எவ்வளவு என்பது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். எண்ணெய் விட்டதும் நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, வேண்டாத துணி ஒன்றில் தைத்துப் பார்த்த பிறகுதான் பட்டுப் பிளவுஸை வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, உள்ளே பிசினாகி மிஷின் இறுகிவிடும். அப்படி இறுகினால் மண்ணெண்ணெய் விட்டு இளக்கித் துடைத்துவிட்டு மிஷின் ஆயில் விட வேண்டும். உங்கள் கண்ணும் காலும் நன்றாக இருக்கும்போதே இதையெல்லாம் அவள் கையில் பழக்கிவிடுங்கள். உங்களிடம் இரண்டு மிஷின் இருந்தால் ஒன்றை இந்த வருடமே கொடுங்கள்.

5. உதிரிகளைப் பிரிக்காதீர்கள். வீட்டு மிஷினுக்கு மேல் தண்டு ஒரு பக்கம் தட்டையான ஊசி, கடை மிஷினுக்கு மேல் தண்டு உருண்டையான ஊசி. தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தந்த மிஷினின் பாபின், கேஸ், புட், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, பையின் மேல் மிஷின் நம்பரை எழுதி, அதன் டிராயரிலேயே வையுங்கள். காலையும் தலையையும் பிரித்துக் கேட்டு வருபவர்களிடம் விற்காதீர்கள் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். சிங்கர் என்று எழுத்து வார்த்த இரும்புக் காலுக்கு இப்போது நல்ல கிராக்கி. மேலே பலகை போட்டு மேஜை ஆக்கிவிடுகிறார்கள். மிதிக்கும் கால் போன பிறகு அந்தத் தலையை வைத்து யார் தைப்பது?

6. வெட்டுத்துண்டு மூட்டை. எல்லாத் தையற்காரி வீட்டிலும் கட்டிலுக்கடியில் இது ஒன்று இருக்கும். முதலில் தூக்கி எறிவதும் இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அம்மாவின் சுங்குடி, மகளின் முதல் பாவாடையில் மிஞ்சியது, கல்யாணப் பட்டின் பிளவுஸ் துண்டு என்று வருடக்கணக்காகச் சேர்த்திருப்போம், என்றைக்காவது ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைக்கலாம் என்று. வெளியாள் கண்ணுக்கு அது கந்தல். ஒவ்வொரு துண்டிலும் யாருடையது, எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று ஒரு சின்னத் துணிச்சீட்டில் எழுதி, இரண்டு தையல் போட்டு இணைத்துவிடுங்கள். குண்டூசி வேண்டாம், துருப்பிடித்துப் பட்டில் கறை இறங்கும். பட்டை ஒரே மடிப்பில் விடாதீர்கள், மடித்த இடத்தில் ஜரிகை முறியும்.

பாதி தைத்த போர்வை இருந்தால் அதை முடிப்பவள் பெயரை இப்போதே எழுதுங்கள். மிஷின் ஒருத்திக்கும் இந்த மூட்டை இன்னொருத்திக்கும் போகலாம், தப்பில்லை. கையால் பொறுமையாகத் தைக்கிறவள் வேறு, மிஷினில் வேகமாக ஓட்டுகிறவள் வேறு. பருத்திப் பழம்புடவைகளை மட்டும் தனியாக வையுங்கள். குடும்பத்தில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு நாலு மடிப்பாக ஓட்டுத்தையல் போட்டு விரிப்பு ஆகட்டும்.

7. நூல், ஹூக், ஜிப். பழைய பருத்தி நூலை ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். நன்றாக இருப்பது எல்லாம் புதிதாகப் படிக்க வருபவளுக்கு.

8. வீட்டில் தைக்கிறவர் யாருமே இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். உங்களிடம் படித்த பெண்களில் இன்னும் வாடகை மிஷினில் தைப்பவள் யார் என்று உங்களுக்கே தெரியும். அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கிடைத்த மிஷினாக இருந்தால், அதைக் கணவரை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற இன்னொரு பெண்ணுக்கே கொடுங்கள் என்பது என் ஆசை. அந்த நிலைமையில் இருந்தபோதுதான் அது உங்கள் வீட்டுக்கும் வந்தது. இல்லத்துக்கோ பயிற்சி மையத்துக்கோ கொடுப்பதானால் முன்னால் போய்ப் பேசுங்கள். ரிப்பேர் பார்க்க ஆள் உண்டா, மோட்டார் மிஷின் வேண்டுமா மிதி மிஷின் வேண்டுமா என்று கேளுங்கள். ஓடாத மிஷினைத் தானமாகக் கொடுக்காதீர்கள். சரிசெய்து, பெல்ட் மாற்றிக் கொடுங்கள்.

9. அளவு நோட்டு. கடை வைத்திருப்பவளுக்கு மிஷினைவிட இதுதான் சொத்து. எந்த அம்மாவுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், யாருக்குக் கழுத்து ஏறினால் பிடிக்காது, யார் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம்மை நம்பிச் சொன்ன விஷயங்கள் அவை. ஆகவே அந்த நோட்டு கடையைத் தொடர்ந்து நடத்துபவள் கைக்கு மட்டும் போக வேண்டும். யாரும் நடத்தப்போவதில்லை என்றால் எரித்துவிடச் சொல்லி எழுதி வையுங்கள். தைக்கக் கொடுத்த துணிகள் வேறு இருக்கும். ஒவ்வொரு துணியிலும் பெயர், போன் நம்பர், வாங்கிய முன்பணம் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும். பங்கு பேச உட்காரும் முன்னால், தைத்ததோ தைக்காததோ, அந்தத் துணிகள் உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஒருவர் பெயரையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.