பினாங்கு வெள்ளியும் நம் ரூபாயும்

கேள்வி: பினாங்கிலிருந்து என் பாட்டனார் மாதந்தோறும் 100 வெள்ளி அனுப்பியதாக வீட்டுக் கணக்குப் புத்தகம் கூறுகிறது. 1965-இல் அதற்கு 155 ரூபாய் வரவு. 1966 இறுதியிலோ 245 ரூபாய்! எழுத்துப் பிழையா?
— வாசகர் ஒருவர், நந்தனம்

பதில்: பிழையன்று, கணக்கெழுதிய புண்ணியவான் சரியாகவே எழுதியிருக்கிறார். மலாய் வெள்ளி 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்றும், நம் ரூபாய் 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்றும் பிரிட்டிஷ் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், 28 பென்ஸை 18-ஆல் வகுக்கக் கிடைக்கும் சுமார் 1 ரூபாய் 56 காசு என்னும் விகிதம், 1949-இல் பவுனோடு இவ்விரு நாணயங்களும் ஒருசேரத் தாழ்ந்தபோதும் மாறாது நின்றது. 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைக்கவே, அமெரிக்க டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50-க்கும், பவுன் 13.33-லிருந்து 21-க்கும், தங்கள் பாட்டனாரின் வெள்ளி 2.45-க்கும் ஒரே நாளில் உயர்ந்தன. அதுவரை நம் ரூபாய்க்குச் சமமாயிருந்த இலங்கை ரூபாயும் அன்றே 1.57 ஆயிற்று.

ஆகவே, இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிந்தைய பதிவுகளில், அத்தேதிக்கு முன்னுள்ள வெள்ளியை 1.56-ஆலும், பின்னுள்ளதை, 1967 நவம்பர் வரையில், 2.45-ஆலும் பெருக்கிப் பாருங்கள்; சில்லறை குறைந்தால், அது வங்கித் தரகென்று கொள்க.