கணினிக்குப் பவர் சப்ளை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பவர் சப்ளை, கடைகளில் சொல்வதுபோல எஸ்.எம்.பி.எஸ்., வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது. மதர்போர்டு, பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் எல்லாம் இதை நம்பியே ஓடுகின்றன. மட்டமான சப்ளை கெடும்போது மற்ற உறுப்புகளையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். ஆனாலும் வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்யும் பலர், மற்றதெல்லாம் வாங்கியபின் மிஞ்சும் பணத்தில்தான் இதை வாங்குகிறார்கள். அதற்குக் காரணமான நம்பிக்கைகள் சிலவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

நம்பிக்கை 1: வாட் கூடினால் கரண்ட் பில்லும் கூடும்.

உண்மை: பெட்டியில் உள்ள வாட், சப்ளை தரக்கூடிய உச்ச அளவு மட்டுமே. உறுப்புகள் 200 வாட் கேட்டால் 500 வாட் சப்ளையும் 850 வாட் சப்ளையும் 200 வாட்தான் தரும். மின்சாரத்தை மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாவதால், சுவர் பிளக்கிலிருந்து இழுப்பது சற்றுக் கூடுதலாக இருக்கும். 200 வாட் தருவதற்கு, 85 சதவீதத் திறன் உள்ள சப்ளை சுமார் 235 வாட்டும், 90 சதவீதத் திறன் உள்ளது சுமார் 222 வாட்டும் இழுக்கும். பில்லைத் தீர்மானிப்பவை உறுப்புகள் கேட்கும் வாட்டும் இந்தத் திறனும் கணினி ஓடும் நேரமும்தான்.

நம்பிக்கை 2: கேம் விளையாட 1000 வாட் வேண்டும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ரைசன் 5 7600 பிராசசரின் மின்வரம்பு 88 வாட். ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வாட் வைத்தாலும் மொத்தம் 263 வாட்தான். இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். 450 வாட் வரை இழுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4090க்குக்கூடப் பரிந்துரை 850 வாட்தான்.

கணக்குக்கும் பரிந்துரைக்கும் இடையிலான இடைவெளிக்குக் காரணம் உண்டு. கிராபிக்ஸ் கார்டு கண நேரத்துக்குத் தன் வரம்பை வெகுவாகத் தாண்டி இழுக்கும். சப்ளைக்கு அதைத் தாங்கும் வலு இல்லாவிட்டால், விளையாட்டின் நடுவே கணினி சட்டென்று அணைந்துவிடும். 2022இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 வரையறை இத்தகைய திடீர்ச் சுமைகளைக் கருத்தில் கொண்டே எழுதப்பட்டது. அதனால் ஓரளவு உபரி தேவை. இரண்டு மூன்று மடங்கு உபரி தேவையில்லை.

நம்பிக்கை 3: இரண்டு பெட்டியிலும் 450 வாட் என்று இருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

உண்மை: சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் வித்தியாசம் புலப்படும். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் லைனிலிருந்தே பெரும்பங்கு மின்சாரத்தை எடுக்கின்றன. ஒரு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 37 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கினால் 444 வாட். சப்ளையின் வலு ஏறக்குறைய முழுவதும் அந்த லைனில் கிடைக்கிறது. இன்னொன்றில் 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட்தான். மிச்சம், கணினி அதிகம் பயன்படுத்தாத 5, 3.3 வோல்ட் லைன்களில் காட்டப்பட்ட கணக்கு. முன்னே போட்ட 263 வாட் கணினியை இந்த இரண்டாவது சப்ளை தாங்காது. 12 வோல்ட் ஆம்பியர் தெளிவாகக் குறிக்கப்படாத சப்ளையைத் தவிர்ப்பதே நல்லது.

நம்பிக்கை 4: ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை இருந்தால் எல்லா வகையிலும் தரமானது.

உண்மை: இந்த முத்திரை அளப்பது திறனை மட்டுமே. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது பிரான்ஸ் (வெண்கலம்) தரத்துக்கு 85 சதவீதமும் கோல்டு தரத்துக்கு 90 சதவீதமும் திறன் வேண்டும். வெளிவரும் மின்னழுத்தம் எவ்வளவு சீராக இருக்கிறது, ஷார்ட் ஆனாலோ அதிகச் சுமை ஏறினாலோ சப்ளை தானாக நின்றுகொள்கிறதா என்பதையெல்லாம் முத்திரை சொல்லாது. அவற்றை அறிய, கருவிகள் வைத்துச் சோதித்து எழுதப்பட்ட மதிப்புரைகளைப் பார்க்க வேண்டும். நன்கு வடிவமைத்த பிரான்ஸ் சப்ளை, ஏனோதானோவென்று செய்த கோல்டு சப்ளையைவிடப் பாதுகாப்பானது.

நம்பிக்கை 5: கேபிள் பிளக்கில் பொருந்தினால் போதும்.

உண்மை: கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் சப்ளைகளில், சப்ளைப் பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரு நிறுவனம் 5 வோல்ட் வைக்கும் ஊசியில் இன்னொன்று 12 வோல்ட் வைத்திருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்கூட மாறுபடும். பழைய சப்ளையின் சாட்டா கேபிளைப் புதியதில் செருகி ஆன் செய்தால், ஹார்டு டிஸ்க்கும் அதிலுள்ள படங்களும் கோப்புகளும் ஒரு நொடியில் போய்விடக்கூடும். சப்ளையை மாற்றும்போது கேபிள்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நம்பிக்கை 6: கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிப்பதற்குச் சப்ளையின் பழுதுதான் காரணம்.

உண்மை: பெரும்பாலும் குறை எர்த்தில்தான். மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் சப்ளையின் நுழைவாயிலில் இருக்கின்றன. அவற்றின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் உலோகக் கூட்டுக்குக் கசிவது வடிவமைப்பிலேயே உள்ளது. எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கூட்டில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவுக்கு, நிற்கும். தொட்டால் சுரீரென்று இருக்கும். புதிய சப்ளை வாங்கினாலும் இது தீராது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதித்துச் சரிசெய்வதே வழி. அதன்பிறகும் ஷாக் அடித்தால் சப்ளையை மாற்ற வேண்டும்.

நம்பிக்கை 7: 600 வி.ஏ. யு.பி.எஸ். என்றால் 600 வாட் தாங்கும்.

உண்மை: வி.ஏ.வும் வாட்டும் ஒன்றல்ல. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.கள் பலவும் 360 வாட் அளவே தாங்கும். கணினி உண்மையில் இழுக்கும் வாட்டோடு மானிட்டரையும் சேர்த்து, அந்தத் தொகையை யு.பி.எஸ்.ஸின் வாட் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பேட்டரியில் ஓடும்போது சீரான சைன் அலை தராத யு.பி.எஸ்.ஸில் சில நவீன சப்ளைகள் அணைந்துவிடுவதும் உண்டு. மின்சாரத்தை நிறுத்தி ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை 8: பழைய சப்ளை ஓடிக்கொண்டிருந்தால் புதிய கணினிக்கும் அதுவே போதும்.

உண்மை: உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் மெல்ல மெல்ல வலுவிழக்கின்றன. இலேசான சுமையில் அது தெரியாது. புதிய கிராபிக்ஸ் கார்டு ஏறியதும் வெளிப்படும். உத்தரவாதக் காலம் முடிந்த சப்ளையைப் புதிய கணினியில் பொருத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. அதைத் திறந்து பழுதுபார்க்க முயலவும் கூடாது: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து.