மாரடைப்பு வந்தவருக்கு நடைப்பயிற்சி: ஊர் திரும்பிய பின்னும்

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவருடன் நீங்கள் கோமாரிக்குத் திரும்பியிருக்கலாம். அவர் விடயத்தில் இரண்டு தவறுகள் நேரக்கூடும். "நீங்க அசையாதீங்கப்பா" என்று அவரைக் கதிரையிலேயே வைத்திருப்பது ஒன்று. வளவு பற்றையாகக் கிடக்கிறதே என்று வந்த அன்றே அவர் மண்வெட்டியைத் தூக்குவது மற்றது.

முன்னர் வைத்தியர்களே இப்படிப்பட்டவர்களை ஆறு வாரம் வரை கட்டிலில் கிடத்தினார்கள். இன்று அப்படியில்லை. லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி 1953இல் வெளிவந்த ஆய்வில், இருந்தபடி வேலை செய்த சாரதிகளைவிட மாடிப் பஸ்ஸில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஒழுங்கான பயிற்சி இதய நோயால் இறக்கும் ஆபத்தைக் குறைக்கிறது என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. பயிற்சியால் இறந்த தசை மீளாது. ஆனால் கை கால் தசைகள் ஒட்சிசனை நன்றாகப் பயன்படுத்தப் பழகுவதால், அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும்.

மண்வெட்டி வேலை வேறு. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதயத்தின் காயம் தழும்பாகி இறுகவே ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். பற்றை வெட்டுவதையும் கிணறு இறைப்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

கிளினிக் வைத்தியரிடம் கேட்டுவிட்டு, சமதரையில் காலையும் மாலையும் ஐந்து நிமிட நடையுடன் தொடங்குங்கள். மெல்ல மெல்லக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவுக்கு வாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு தடைப்பட்டால் வேகம் கூடிவிட்டது. கடற்கரை நடை மனதுக்கு இதம்தான், ஆனால் கால் புதையும் மணல் இதயத்துக்கு மேலதிக வேலை. பொத்துவில் பிரதான வீதியில் வாகனங்கள் வேகமாக வரும், உள்வீதியே நல்லது. உச்சி வெயிலிலும் சாப்பிட்டவுடனும் நடக்க வேண்டாம். மாரி மழைக்கு விறாந்தை போதும்.

சுகமாகிவிட்டது என்று சில மாதங்களில் விட்டுவிடுபவர்கள் அதிகம். நிறுத்திய சில வாரங்களிலேயே கிடைத்த பலன் குறையத் தொடங்கும். கிளினிக்கில் தரும் குளிசைகளைப் போல இதையும் தொடர வேண்டும். குளிசைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து.

நெஞ்சு இறுகினாலோ, குளிர்வியர்வை வந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே உட்காருங்கள். வைத்தியர் தந்திருந்தால் குளிசையை நாக்கின் கீழ் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் வாகனம் பிடித்துப் பொத்துவில் அல்லது திருக்கோவில் ஆதார வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.