புகைக்குழாயும் குதிரைத்திறனும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு பையன் ஒரு சந்தேகத்தோடு வந்தான். பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு வியாபாரம் செய்யும் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பிள்ளை.

"மாமா, கார் பாலம் ஏறும்போது இழுக்க மாட்டேங்குது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிட்டு நேர் பைப் போட்டா பத்து குதிரைத்திறன் கூடும்னு ஒர்க் ஷாப்பில சொல்றாங்க. 18,000 ரூபாய் ஆகுமாம். போடலாமா?"

'போடாதே' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் நானே ஒரு காலத்தில் அப்படிப் போட்டவன். முப்பது வருடத்துக்கும் மேலாக ரயில்வேயில் எஞ்சினோடு பழகிய நானே ஏமாந்தேன் என்றால், பத்தொன்பது வயதுப் பையனைக் குறை சொல்வதற்கில்லை. அவனுக்கு அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இப்போது கார் ஓட்டுகிறார்கள்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்ப்போம். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியில், சைலன்சருக்கு முன்னால் ஓர் எஃகுக் கூடு இருக்கும். அதற்குள் பீங்கானால் ஆன தேன்கூடு போன்ற ஒரு கட்டை. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 துளைகள். துளைகளின் சுவரில் அலுமினாப் பூச்சு. பூச்சின் மேல் பிளாட்டினம், பெல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் சில கிராம் மட்டும் தூவப்பட்டிருக்கும். இவை வினையூக்கிகள், அதாவது தாம் தீர்ந்துபோகாமல் வேதிவினையை விரைவுபடுத்துபவை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டையாக்சைடாகவும், எரியாத பெட்ரோல் ஆவியைக் கார்பன் டையாக்சைடாகவும் நீராவியாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் மாற்றிவிடும். சூடேறிய நல்ல கன்வெர்ட்டர் இம்மூன்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்துவிடும். ஆனால் அதற்கு சுமார் 250 முதல் 300 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். மூலைக்கடைக்குக் காரில் போய்த் திரும்புகிறவர்கள், அது வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1950-களிலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அப்போது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே அமெரிக்கக் கார்களில் இது பரவலாக வந்தது 1975 மாடல் முதல்தான். நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை, மும்பை, கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். அதற்காகவே அங்கெல்லாம் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது 2000-ஆம் ஆண்டில். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் அது நின்றது 2021-ல். புகையைச் சுத்தம் செய்ய வந்த இந்தக் கூடு, பெட்ரோலிலிருந்த ஈயத்தையும் விரட்ட உதவியது. அதன் கணக்கில் இதையும் வரவு வைக்கத்தான் வேண்டும்.

இனி என் கதை. 2012-ல் 2006 மாடல் சிறிய கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மூன்று சிலிண்டர், 796 சிசி, 46 குதிரைத்திறன். வாங்கி ஆறு மாதத்தில் தோப்பும்படி பிஓடி பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இரண்டாம் கியருக்குக் கெஞ்ச ஆரம்பித்தது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சாரே, கேட் அடஞ்ஞு போயி. முறிச்சு களஞ்ஞா மதி, வண்டி பறக்கும்" என்றார். வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஒரு குழாயைப் பற்றவைத்தார். உண்மையாகவே வண்டி பறந்தது! கண்கூடாகப் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது? பார்த்தவர்களிடமெல்லாம் நானும் அதைப் பரிந்துரைத்தேன்.

அடைத்திருந்த குழாயைத் திறந்தால் வண்டி பறக்கத்தான் செய்யும். மூக்கடைப்புக்காரனுக்கு மூக்கு திறந்தால் மூச்சு வருவது போல. ஆனால் அடைப்பில்லாதவன் மூக்கைப் பெரிதாக்கினால் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பானா? 'நேர் பைப் போட்டால் சக்தி கூடும்' என்று ஊரில் உலவும் பேச்சில் பெரும்பகுதி இப்படி அடைத்துப்போன வண்டிகளிலிருந்து பிறந்ததுதான் என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புகை வெளியேறும் வழியில் உள்ள தடைக்குப் பின்னழுத்தம் என்று பெயர். பிஸ்டன் மேலே போகும்போது இந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் புகையைத் தள்ளவேண்டும். நல்ல நிலையிலுள்ள கன்வெர்ட்டர், எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும்போது 0.1 பார் அளவு தடையைக் கூட்டுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். என் காரின் எஞ்சின் முழு வேகத்தில் பிஸ்டன் மேல் பயனாகத் தரும் சராசரி அழுத்தம் சுமார் 8 பார். 8-ல் 0.1 என்பது நூற்றுக்கு ஒன்றேகால். 46 குதிரையில் ஏறக்குறைய அரைக் குதிரை! அதுவும் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து, 6,000 சுற்றுக்கு மேல் ஓட்டினால்தான். மட்டாஞ்சேரியில் எந்தச் சந்தில் அப்படி ஓட்டமுடியும்? பின் இருக்கையில் இருக்கும் ஓர் ஆளை இறக்கிவிட்டால் இதைவிட அதிக லாபம். எழுநூற்றைம்பது கிலோ வண்டியில் அறுபது கிலோ குறைந்தால் நூற்றுக்கு எட்டு. டர்போ வைத்த எஞ்சினில் லாபம் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கேற்பக் கணினி நிரலையும் மாற்றினால்தான் அது கைக்கு வரும். வெறும் குழாய் தருவது சக்தியைவிடச் சத்தமே. சத்தம் அதிகமானால் வேகமாகப் போகிறோம் என்று காது மனத்தை ஏமாற்றும்.

பொன்மலையில் பயிற்சி பெற்ற நாட்களில் நீராவி எஞ்சினில் கற்ற ஒரு பாடம் இங்கே நினைவுக்கு வருகிறது. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி, புகைப்பெட்டியில் உள்ள ஒரு குறுகிய குழல்வாய் வழியாகச் சீறிப் புகைபோக்கிக்குள் போகும். 'புஸ் புஸ்' என்ற அந்தச் சத்தமே அதுதான். அந்தச் சீறல் அடுப்பிலிருந்து காற்றை இழுக்கும், நெருப்பு எரியும். பின்னழுத்தம் குறையட்டும் என்று குழல்வாயைப் பெரிதாக்கினால் சீறல் தளர்ந்து, அடுப்பு மந்தமாகி, பாய்லரில் நீராவி இறங்கிவிடும். எதிர்ப்பக்கமாக, நீராவி போதாவிட்டால் குழல்வாயின் குறுக்கே ஒரு கம்பியைச் செருகி அதைக் குறுக்கும் திருட்டுத்தனமும் உண்டு. பிரான்சில் ஆந்திரே ஷாப்லோன் என்ற பொறியாளர் 1929-ல் ஒரு பழைய எஞ்சினைத் திருத்திக் கட்டி, அதன் சக்தியைப் பெருமளவு உயர்த்திக் காட்டினார். புகைபோக்கும் அமைப்பு அதில் முக்கிய பங்கு வகித்தது. ஆனால் அவர் எதையும் வெட்டி எறியவில்லை. நீராவி வரும் வழி, போகும் வழி, அதன் வெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார். இத்தனையும் அறிந்திருந்தும் சொந்தக் கார் என்று வந்தபோது மெக்கானிக் சொன்னதற்குத் தலையாட்டினேன்.

குழாய் போட்ட பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். என் தாயாருக்கு அப்போது எண்பது வயது. மாதம் இருமுறை எறணாகுளத்தில் மருத்துவரிடம் காரில் அழைத்துப் போவேன். பின் இருக்கையில்தான் உட்காருவார். மூன்று மாதமாக, போய் இறங்கும்போதெல்லாம் தலைவலி, வயிற்றைப் புரட்டல். "வயசாச்சுப்பா" என்பார். இரத்த அழுத்தம் என்று நாங்களும் நினைத்தோம். வீட்டில் இருக்கும் நாட்களில் ஒன்றும் இருக்காது. அதை யாரும் கோத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

புகைச் சான்றிதழ் புதுப்பிக்கப் போன அன்றுதான் விஷயம் வெளிப்பட்டது. அந்த வயது வண்டிக்கு, எஞ்சின் சும்மா சுற்றும்போது கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. என் வண்டி 1.1 காட்டியது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால், பற்றவைத்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. புகை சரியாகப் பின் இருக்கைக்கு அடியில் கசிந்து, தரையிலிருந்த ரப்பர் மூடி விழுந்த ஒரு துளை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். கன்வெர்ட்டர் இருந்திருந்தால் அதே கசிவில் வருவது பெரும்பாலும் தீங்கு குறைந்த புகையாக இருந்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்து தாயாரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகுதான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்: கன்வெர்ட்டர் ஏன் அடைத்தது? அது தானாக அடைவது அபூர்வம். பிளக் கம்பி ஒன்று பழுதாகி, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து, பீங்கானையே உருக்கிவிட்டது. எஞ்சின் எண்ணெய் குடித்தாலும் இதே கேடு மெதுவாக வரும். வேகத்தடையில் அடிபட்டாலும் உள்ளே உடைந்து கடகடக்கும். நான் கன்வெர்ட்டரை வெட்டி எறிந்தேனே தவிர, நோய் எஞ்சினிலேயே இருந்தது. கம்பியை மாற்றி, புதிய கன்வெர்ட்டரும் பொருத்தினேன். வண்டி பாலம் ஏறியது, நேர் பைப்போடு ஏறிய அதே மூன்றாம் கியரில்.

இன்னொன்றையும் அந்தப் பையனிடம் கேட்டேன். "கழற்றிய கன்வெர்ட்டரை யார் எடுத்துக்கொள்வது?" அவனுக்குத் தெரியவில்லை. 2021-ல் ரோடியத்தின் விலை ஓர் அவுன்சுக்கு 25,000 டாலரைத் தாண்டியது. பிறகு வெகுவாக இறங்கிவிட்டாலும் பழைய கன்வெர்ட்டருக்கு இன்றும் நல்ல விலை உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிறுத்திய கார்களின் அடியிலிருந்து அறுத்துத் திருடுகிறார்கள். இங்கே நாமே 18,000 ரூபாயும் கொடுத்து அதையும் விட்டுவிட்டு வருகிறோம்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காற்று மாசு, ஒலி விதிகளை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. உரிமமும் மூன்று மாதம் தடைப்படும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான், தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. 2022-ல் இங்குள்ள மோட்டார் வாகனத் துறை 'ஆப்பரேஷன் சைலன்ஸ்' என்று பெயரிட்டே சைலன்சர் மாற்றிய வண்டிகளைத் தேடிப் பிடித்தது. போதாததற்கு, இக்காலக் கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் உண்டு. கூட்டை எடுத்தால் பின் சென்சார் உடனே கோள் சொல்லும். முகப்பில் எஞ்சின் விளக்கு எரியும். அதை அணைக்க இன்னொரு பொய், அதற்கு இன்னொரு செலவு.

இவையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ என் வண்டி ஏன் மாமா இழுக்கலை?" என்றான் பையன். நியாயமான கேள்வி. மறுநாள் வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருகினேன். சும்மா சுற்றும்போது 0.1 பாருக்குள்ளும், 2,500 சுற்றில் 0.2 பாருக்குள்ளும் இருந்தால் அடைப்பில்லை என்று கொள்ளலாம். அவன் வண்டியில் ஊசி அசைந்ததே தெரியவில்லை. கன்வெர்ட்டர் முழு ஆரோக்கியம்.

புகை போகும் வழி சரி. அப்படியானால் காற்று வரும் வழியைப் பார்க்கவேண்டும். ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தோம். திறந்ததுமே இருவருக்கும் தும்மல் வந்தது. அவன் தினமும் காரை நிறுத்துவது அப்பாவின் கிடங்கு வாசலில், சுக்கு புடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். பில்டர் மடிப்புகளில் சுக்குத்தூள் களிம்புபோல் அடைந்திருந்தது. 2019-ல் வண்டி வாங்கியதிலிருந்து அதை மாற்றவே இல்லையாம்.

புதிய பில்டர் 420 ரூபாய். மாற்றிக்கொண்டு பாலத்துக்குப் போய்வந்தான். வந்து ஒன்றும் பேசவில்லை. பழைய பில்டரை அப்பாவிடம் காட்டவேண்டும் என்று ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.