குட்டி யானையும் ஐந்நூறு லிட்டர் தண்ணீரும்

திருச்சியில் நகைக்கடை, துணிக்கடை, மருத்துவமனை, கார் ஷோரூம் என்று எதைக் கட்டினாலும் முகப்பில் கண்ணாடி பதிக்கிற காலம் இது. பதித்தவர்களுக்கு அதைத் துடைக்க ஆள் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை ஒன்றியத்து ஆவூர் மாதிரியான ஊர்களிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களில் யாராவது ஒருவர், நாலு கண்ணாடி துடைத்த பிறகு, “நாமே ஒரு வண்டி போட்டால் என்ன?” என்று யோசிப்பார். புதிய வண்டிக்குக் காசு இருக்காது. பழையது வாங்கலாம், அல்லது லீசுக்கு எடுக்கலாம். அந்த இடத்திலிருந்து டீக்கடை ஆலோசனைகள் தொடங்கும்.

அந்த ஆலோசனைகளில் பாதிக்கு மேல் எஞ்சினைப் பற்றியவை. புகை வருகிறதா, ஆயில் ஒழுகுகிறதா, செல்ஃப் எடுக்கிறதா. இதெல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கெட்ட எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம். பழைய வண்டி வாங்கியவர்களை நீதிமன்றம்வரை இழுப்பது பெரும்பாலும் காகிதம். கண்ணாடி துடைப்பவர்களைக் கூடுதலாகக் கவிழ்ப்பது தண்ணீர்.

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். “பின்னால் இடம் இருக்கு, ஆயிரம் லிட்டர் தொட்டியே வைக்கலாம்” என்பது முதல் நம்பிக்கை. டாடா மோட்டார்ஸ் 2005 மே மாதம் இறக்கிய ஏஸ், நம்மூர் குட்டி யானை, 702 சி.சி. இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சினோடு சுமார் முக்கால் டன் சுமைக்கென வடிவமைக்கப்பட்டது. அதன் பின்தொட்டி ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடி அகலம். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி அதில் தாராளமாக உட்காரும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டி நிரம்பினால் ஆள், மோட்டார், ஏணி எதுவும் ஏறாமலே ஒரு டன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம் சொல்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. அபராதத்தைவிட மோசம், அந்த எடையோடு இறக்கத்தில் பிரேக் பிடிப்பது.

சரி, ஐந்நூறு லிட்டர் வைத்தால்? எடைக் கணக்கு ஒத்துவரும். இங்கேதான் இரண்டாவது ஏமாற்றம். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி ஆபத்து. வளைவில் திரும்பும்போது தண்ணீர் ஒரே பக்கம் பாய்ந்து வண்டியைச் சாய்க்கும். தண்ணீர் லாரித் தொட்டிகளுக்குள் குறுக்கே தகடு வைப்பது இந்த அலையை அடக்கத்தான். மொட்டை மாடியில் அசையாமல் உட்காருவதற்காகச் செய்த தொட்டிக்குள் அப்படி எதுவும் கிடையாது. கயிற்றால் கட்டுவது போதாது, சேஸோடு சேர்த்து இரும்புச் சட்டம் அடித்து அதற்குள் இறுக்க வேண்டும். இருநூறு இருநூறாக இரண்டு சின்னத் தொட்டிகள் வைத்து, ஒன்றைக் காலி செய்த பிறகு அடுத்ததைத் திறப்பது இன்னும் நல்லது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்ற கேள்விக்கே பலர் வருவதில்லை. ரப்பர் வைப்பரும் வாளியும் கொண்டு தரைத்தளக் கடைக் கண்ணாடியைத் துடைப்பவருக்கு ஒரு கடைக்கு ஒரு வாளி போதும். நீண்ட கம்பின் நுனியில் பிரஷ் வைத்து, தண்ணீரை மேலே ஏற்றி, துடைக்காமலே காயவிடும் முறைக்குத்தான் தொட்டி வேண்டும். அதற்கும் போர்த் தண்ணீர் ஆகாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. குடிக்கத் தகும் அந்தத் தண்ணீர் கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். உப்பு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வர வேண்டும், அதற்கு ஆர்.ஓ.வும் அதன் பிறகு இன்னொரு வடிகட்டியும் தேவை. அவ்வளவு முதலீடு போடாதவர் ஐந்நூறு லிட்டரை ஊரெல்லாம் சுமந்து திரிவதில் பொருளில்லை. தொடக்கத்தில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். போதும் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் கடைவீதிக் கண்ணாடி மட்டுமே வேலை என்றால் அதுதான் கணக்குக்குச் சரிவரும்.

ஏணிதான் வண்டி கேட்கும். பன்னிரண்டு அடி ஏணியை ஏழடிப் பின்தொட்டியில் போட்டால் மீதி வெளியே நீட்டும். சுமை இப்படி நீட்டிக்கொண்டு போவதற்கும் 2019 திருத்தத்தில் 20,000 ரூபாய் அபராதம் சேர்ந்தது. சிவப்புத் துணி கட்டினால் சரியாகிவிடும் என்பது பழைய பழக்கம், பழைய நம்பிக்கை. மடிப்பு ஏணி வாங்குவது அபராதத்தைவிட மலிவு.

அடுத்தது ஆள். கண்ணாடி வேலைக்கு மூன்று பேர் போவார்கள், ஒருவர் கீழே ஏணி பிடிக்க வேண்டும். ஏஸில் டிரைவரோடு இன்னொருவர்தான் உட்காரலாம். மூன்றாமவர் பின்னால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “நம்ம ஆளுதானே, இன்சூரன்ஸ் இருக்கே” என்பது உரிமையாளரின் தெம்பு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டு போகிற பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. பொருளுக்குச் சொந்தக்காரரே ஆனாலும் கேபினுக்குள் உட்கார்ந்து வர வேண்டும் என்ற கருத்து பின்னாள் தீர்ப்புகளில் உறுதியானது. ஆகவே மூன்று பேர் குழு என்றால் மூன்று பேர் உட்காரும் கேபினாகப் பார்த்து வாங்க வேண்டும். அசோக் லேலண்ட் தோஸ்த்தில் டிரைவரோடு இருவர் அமரலாம். மகிந்திரா பொலேரோ கேம்பரில் இரண்டு வரிசை இருக்கை உண்டு. விலை கூடும்தான். பின்னால் நின்று விழுந்தவரின் குடும்பத்துக்குக் கைக்காசிலிருந்து கொடுப்பதை எண்ணினால் கூடுதலாகத் தெரியாது.

வெள்ளை போர்டு ஆம்னியும் பலருக்கு ஆசைகாட்டும். மாருதி அதை 1984 முதல் 2019 வரை தயாரித்தது. சீட்டைக் கழற்றிவிட்டால் சாமான் கொள்ளும், மழைக்குக் கதவும் உண்டு. “சொந்தத் தொழிலுக்குச் சொந்த வண்டி, யார் கேட்பது?” கேட்பது இன்சூரன்ஸ்காரர். தனியார் காருக்கான பாலிசியில் மாதிரிப் பொருள், சொந்தப் பயண மூட்டை தவிர வேறு சரக்கு ஏற்றப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. முந்நூறு லிட்டர் தண்ணீரும் பம்பும் பயண மூட்டை என்று எந்தத் தீர்ப்பாயத்திலும் வாதாட முடியாது. சரக்குக்காகச் செய்யப்படாத வண்டியும் சரக்கு ஏற்றும்போது சரக்கு வாகனமே என்று சட்டத்தின் இலக்கணமும் சொல்கிறது. சீட்டைக் கழற்றித் தொட்டியைப் பொருத்துவது வண்டியின் அமைப்பை மாற்றுவதாகும், அதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

எதிர்ப்பக்கத்துப் பயமும் உண்டு. மஞ்சள் போர்டு என்றால் பேட்ஜ் வேண்டும், பெர்மிட் வேண்டும், தலைவலி என்பார்கள். இரண்டும் இந்த அளவு வண்டிக்குப் பொருந்தாது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண இலகு ரக ஓட்டுநர் உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்த்துவைத்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று சட்டத்தின் 66ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மஞ்சள் போர்டு கட்டாயமாகக் கேட்பது எஃப்.சி. என்ற தகுதிச் சான்றை. எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும்.

அந்த எஃப்.சி.யை வைத்தே ஒரு விற்பனை வித்தை நடக்கும். “நேத்துதான் எஃப்.சி. காட்டினது, பேப்பர் எல்லாம் கரண்ட்.” எஃப்.சி. அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதற்குச் சான்று, அவ்வளவே. நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுபோவது ஊரறிந்த சங்கதி. புது பெயின்ட் மணக்கிற வண்டியில் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையில் விரிசல், சேஸில் வெல்டிங் தடம், தரைத்தகட்டில் துரு. ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன புதுக்கோட்டை மாவட்டத்தில் காளைகள் வாடிவாசலுக்கு வருவதே குட்டி யானைகளில்தான். சாணியும் கோமியமும் ஊறிய பின்தகடு, உரமூட்டை ஏற்றிய தகடு, இரண்டும் மேலே பார்க்க நன்றாக இருந்து கீழே அரித்திருக்கும். அதன்மேல் தினம் தண்ணீர் சிந்தும் தொழிலுக்கு அந்த வண்டி ஆகாது.

சென்னை வண்டி என்றால் ரோடு நல்லது, தேய்மானம் குறைவு என்ற மதிப்பும் இங்கே உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த நகரம் அது. மூழ்கி எழுந்த வண்டிகளில் ஒரு பகுதி கைமாறி வெளி மாவட்டங்களுக்கு வருவது இயல்பு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் உள்சுருளில் சேற்றுக்கோடு தெரியும். ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு இருக்கும்.

டீசல்தான் லாபம் என்பதும் இன்னொரு காலத்தின் கணக்கு. மானியத்தால் டீசல் விலை மிகக் குறைவாக இருந்தபோது அது உண்மை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு இடைவெளி சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி நாலு கிலோமீட்டர் ஓட்டும் கடைவீதி ஓட்டத்தில் அது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். கண்ணாடி துடைப்பவரின் ஓட்டம் பெரும்பாலும் இதுதான், பெட்ரோல் வண்டியே பொருத்தம்.

பதினைந்து வயதானால் வண்டி தானாகக் கழிவுக்குப் போய்விடும் என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்கும் புரோக்கர்களும் இருக்கிறார்கள். வயதை மட்டும் வைத்துத் தடை பேசப்பட்டது டெல்லி சுற்றுவட்டாரத்தில். தமிழ்நாட்டில் எஃப்.சி. தேறினால் ஓட்டலாம். ஆனால் பழைய வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. வதந்தி ஒன்றும் சுற்றியது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய வாகனத்துக்கு 18 சதவீதம் என்றதும், மூன்று லட்சத்துக்கு வாங்கினால் 54,000 வரி என்று கைபேசிகளில் கணக்குப் பறந்தது. அந்த வரி பதிவுபெற்ற வியாபாரிக்குக் கிடைக்கும் லாப வித்தியாசத்தின் மேல் மட்டும். பதிவில்லாத ஒருவர் தன் வண்டியை விற்றால் வரியே இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டிய மாற்றம் வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சரக்கு வண்டிகளுக்கு வரி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புதிது விலை இறங்கிய பிறகும் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் பழைய விலையையே சொன்னால் பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

பழைய வண்டிக்கு எவனும் கடன் தரமாட்டான் என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாடே மறுப்பு. 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் தொடத் தயங்கிய பழைய லாரிகளுக்கும் அவற்றை வாங்கிய டிரைவர்களுக்கும் கடன் கொடுத்தே நாடளாவிய நிறுவனமானது. கடன் கிடைக்கும். வட்டியைப் படிப்பதில்தான் சறுக்கல். மூன்று லட்சம், 36 மாதம், 12 சதவீதப் பிளாட் வட்டி என்றால் மாதத் தவணை 11,333 ரூபாய். முதல் மாதம் முதலே அசல் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி முழு மூன்று லட்சத்துக்குமே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டும். வங்கியின் 14 சதவீதத்தைவிட 12 சதவீதப் பிளாட் மலிவு என்று எடுப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

லீசுக்கு எடுத்தால் பொறுப்பு கிடையாது, இடித்தால் வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார் என்பது தலைகீழ். முறையான லீஸ் ஒப்பந்தத்தில் வண்டி யார் கையில் இருக்கிறதோ அவரையே ‘உரிமையாளர்’ என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு. முத்திரைத்தாளில் எழுதி, ஆர்.சி.யில் ஏறாமல் நடக்கும் மாதவாடகை ஏற்பாடு இன்னும் சிக்கல். அதில் ஏற்கெனவே ஃபைனான்ஸ் டியூ நிலுவையில் இருந்தால், வாடகையை ஒழுங்காகக் கட்டியவரிடமிருந்தே வண்டியைத் தூக்கிப் போவார்கள்.

விற்பவருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம், நம் வேலை முடிந்தது என்று. 2007இல் காரை விற்றுச் சாவியைக் கொடுத்துவிட்ட ஒருவரின் கதை உச்ச நீதிமன்றம்வரை போனது. கார் பல கை மாறியது, ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. 2009இல் விபத்து. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு வந்தது. வாங்குபவருக்கும் இதில் பங்குண்டு. வண்டியோடு மூன்றாம் நபர் காப்பீடு தானாக வரும், ஆனால் சொந்தச் சேதக் காப்பீடு வராது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் மூன்றையும் பாருங்கள். ஃபைனான்ஸ் பெயர் காட்டினால் படிவம் 35ம் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் பேச்சை முடிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஆர்.சி. விரைவுத் தபாலில்தான் வருகிறது, எனவே முகவரியைச் சரியாகக் கொடுங்கள். உங்கள் பெயர் அச்சான அந்த ஆர்.சி. வீட்டுக்கு வரும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.